வெளிப்பங்கு

எனக்குப் பதினாறு வயதான வருடம், அப்பா என்னை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியின் பதினோராவது தட்டில் நாங்கள் இருந்தோம். எலிவேற்றருக்குள் ஏறினால் எந்த வீட்டில் என்ன கறி என்று மூக்கு சொல்லிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு ஒரு மனிதர் வேட்டை பற்றிப் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வது? என்னோடு படித்த பிள்ளைகளின் அப்பாமார் வேலையால் வந்து படம் பார்த்தார்கள், ஊர்ச் சங்கத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தார்கள். என் அப்பா மட்டும் சாப்பாட்டு மேசையில் வேட்டைச் சட்டப் புத்தகத்தை விரித்துவைத்து, விளங்காத சொல்லுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. அடுப்படியில் நின்றபடி, "மூத்தவன் வரட்டும். வந்தாப்பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கோ. பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்குத் துவக்கு?" என்றார்.

அப்பா புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தைத் திருப்பிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என் சிரிப்பு நின்றுவிட்டது.

மூத்தவன் என்று அம்மா சொன்னது என் அண்ணாவை. என்னைவிட ஏழு வயது கூட. நான் நேசறிப் பள்ளிக்குப் போன காலத்திலேயே அப்பா கனடாவுக்கு வந்துவிட்டார். பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் மூன்று பேரையும் கூப்பிட ஒழுங்கு செய்தார். வன்னியிலிருந்து கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்தோம். அம்மாவுக்கும் எனக்கும் பயணம் முதலில் சரிவந்தது. அண்ணாவை அடுத்த கிழமை ஏற்றுகிறோம் என்று ஏஜென்சிக்காரர் சொன்னார்கள். நாங்கள் ரொறன்ரோவில் வந்து இறங்கிய கிழமையே அந்த லொட்ஜை ஆமிக்காரர் சுற்றிவளைத்து இளம் பெடியன்களை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில பேர் இரண்டொரு நாளில் திரும்பி வந்தார்கள். அண்ணா வரவில்லை.

அப்பா முதலில் பைத்தியம் பிடித்தவரைப்போல ஓடித்திரிந்தார். தெரிந்தவர், தெரியாதவர், கொழும்பில் இருந்து வருபவர் என்று ஒருவரையும் விடவில்லை. பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். யாராவது அண்ணாவைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். அம்மா அப்படியில்லை. ஒவ்வொரு வருடமும் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்து, மகனைக் கொண்டுவந்து தா என்று முருகனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அண்ணா அம்மாவுக்கு உயிரோடு இருந்தார், அப்பாவுக்குச் செத்துப்போயிருந்தார். நான் நடுவில் நின்றேன். அப்படித்தான் அப்போது நினைத்திருந்தேன்.

அப்பாவின் ஆட்கள் காட்டோரம் வயல் செய்தவர்கள். பரம்பரையாக வேட்டைக்குப் போனவர்கள். பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு வந்தால் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். மூத்தது இருக்கும்வரை தகப்பனோடு போவது அதுதான், மற்றதுகளுக்குப் பிறகுதான் முறை. ஆகவே என்னைக் கூப்பிட்டதன் அர்த்தம் எனக்கு நன்றாக விளங்கியது. அண்ணாவின் முறை முடிந்துவிட்டது என்று அப்பா முடிவு எடுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் போனேன். அப்பா ஆசையாக ஒன்றைக் கேட்டு அதுவரை நான் கண்டதில்லை.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் அப்பாவோடு பாக்டரியில் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர். அவருக்கு வடக்கே, பீற்றர்பரோவையும் தாண்டி, காட்டுக்குள் ஒரு துண்டுக் காணியும் மரவீடும் இருந்தன. அவருடைய தகப்பன் அவருக்குப் பழக்கியதாம், அவர் தன் பிள்ளைகளுக்குப் பழக்கினாராம், பிள்ளைகள் இப்போது கல்கரியில் இருக்கிறார்களாம், நவம்பரில் தனியாகக் காட்டில் இருந்து அலுத்துப்போய்விட்டதாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் மான் கதைதான். அப்பாவின் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் மான் எப்படிக் காதை ஆட்டும் என்பதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

நான் வேட்டை லைசென்ஸ் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். அந்த மண்டபத்தில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான், கறுத்த தோலும் எனக்குத்தான். பாஸ் பண்ணினேன். ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காணிக்குப் போய் வெள்ளைக்காரரின் துவக்கால் குறி பழகினேன். எனக்குக் கை நன்றாக வந்தது. அப்பா பாராட்டவில்லை. "அண்ணாவுக்கும் இப்பிடித்தான், கெதியிலை வந்தது" என்று மட்டும் ஒரு தரம் சொல்லிவிட்டு, வாய் தவறிச் சொன்னவரைப்போல நாங்கள் வந்த வான் வண்டியைப் போய்த் துடைக்கத் தொடங்கினார்.

மான் சீசன் தொடங்கிய கிழமையிலேயே அந்த வருடம் கந்தசஷ்டியும் வந்தது. அம்மா விரதம் தொடங்கிவிட்டார். "அவனுக்காக நான் பட்டினி கிடக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் உயிர்க்கொலை செய்யப் போறியள்" என்றார். அம்மா யாழ்ப்பாணத்துப் பட்டணத்தில் பிறந்தவர், வேட்டைக்கார வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதை அவர் முழுதாக ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். "சட்டம் சொல்லுற நாளிலைதான் போகலாம். நான் முருகனைக் கேட்டே நாள் வைக்கேலும்?" என்றார். சண்டை அதற்குமேல் வளரவில்லை.

முதல் நாள் அப்பா என்னை ஒரு சிறிய ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார், சேற்றில் குளம்பு அடையாளம் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தபடி ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் என்னை இருத்தினார். வன்னியில் கோடையில் காடு காய்ந்து கிடக்கும். குளத்தில் மிஞ்சிய கொஞ்சத் தண்ணீருக்கு மான் வந்தே தீரும். வேட்டைக்காரன் செய்யவேண்டியதெல்லாம் அசையாமல் இருப்பதுதான். அதைத்தான் அவருடைய தகப்பன் அவருக்குப் பழக்கியது, அதைத்தான் அவர் எனக்குப் பழக்கினார்.

விடியமுதல் போய் இருட்டும்வரை இருந்தோம். ஒரு அணில் வந்தது. இரண்டாம் நாளும் இருந்தோம். அணிலும் வரவில்லை. வேட்டைக்காரர் கட்டாயம் போடவேண்டிய செம்மஞ்சள் சட்டைக்குள் நான் விறைத்துப்போனேன்.

"அப்பா, ஐ காண்ட் ஃபீல் மை ஃபீற்."

"கதையாதை. மான் கேட்டிடும்."

"எந்த மான்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரே குசுகுசுவென்று கதைக்கத் தொடங்கினார். அவர் கனடாவுக்கு வந்த அடுத்த வருடம் அண்ணா சித்தப்பாவோடு காட்டுக்குப் போய்த் தன் முதல் மானைச் சுட்டார். அது எனக்கும் கொஞ்சம் நினைவிருக்கிறது. முற்றத்தில் தேக்கம் இலைகளைப் பரப்பி அண்ணா இறைச்சி பங்கு வைத்ததும், நான் கிட்டப் போனபோது கத்தி கவனம் என்று பெரிய மனிதரைப்போல என்னை அதட்டியதும்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. சுட்டவர்தான் பங்கு பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. வீட்டுக்கு, அயலுக்கு, கூடவந்தவர்களுக்கு என்று வைத்த பிறகு, வீட்டை விட்டு வெளியில் போயிருக்கும் ஆளுக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும். அதற்கு வெளிப்பங்கு என்று பெயர். அதை வெயிலில் காயவைத்து வத்தல் போட்டு, அவர் திரும்பி வரும்வரை வைத்திருப்பார்கள். செத்தவர்களுக்குப் படையல் உண்டு, வெளிப்பங்கு கிடையாது.

"அண்டைக்கு அவன் எனக்கு வைச்சவன்" என்றார் அப்பா. "கொம்மா வத்தல் போட்டு, இஞ்சை வந்த ஒராளிட்டைக் குடுத்துவிட்டவ. நான் அப்ப ரெக்ஸ்டேலிலை ஒரு பேஸ்மென்டிலை. அஞ்சாறு பெடியள் ஒண்டாய் இருந்தனாங்கள். ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, பிள்ளை. பங்கு பிரிக்கிற வீட்டிலை பிறந்துபோட்டு, ஒளிச்சு வைச்சுத் தனியத் திண்டனான்."

சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்தபடி இருந்தார். அண்ணாவைப் பற்றி அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று இரவுச் சாப்பாட்டில் வெள்ளைக்காரர் இரண்டு நாளும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். அப்பா சொன்னதும் அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர், கேலி செய்யவில்லை. இந்தக் காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், மான் ஏன் உன்னுடைய ஏரிக்கு வரவேண்டும், தாகம் இங்கே அதற்கு ஒரு பிரச்சினையே இல்லை, பசிதான் பிரச்சினை என்றார். ஓக் மரக் காய் கொட்டிக் கிடக்கும் மேட்டையும், மான் படுத்திருக்கும் சதுப்பையும், இரண்டுக்கும் நடுவில் அது நடக்கும் வழியையும் தட்டையும் கோப்பையையும் நகர்த்திக் காட்டினார். அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஐம்பது வயதில் அவருக்குத் தெரிந்த ஒரேயொரு கெட்டித்தனமும் இந்த நாட்டில் செல்லுபடியாகவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் முழுதும் அந்த இடத்தில் இரக்கமாகிவிட்டது.

"இந்தக் காட்டிலை நானும் உன்னைப்போலை ஒரு சின்னப்பிள்ளைதான்" என்றார், படுக்கப் போகும்போது.

மூன்றாம் நாள் காலை ஓக் மேட்டில் இருந்தோம். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டை மான் வந்தது. அப்பா என் காதோடு, "ஆராருக்குக் குடுக்கப்போறாய் எண்டு ஒருக்கா யோசி. குடுக்க ஆள் இல்லாட்டிச் சுடாதை" என்றார். நான் ஒருவரையும் யோசிக்கவில்லை. குளிர்தான் இருந்தது. சுட்டேன். ஒரே வெடி. மான் இரண்டு பாய்ச்சல் பாய்ந்து விழுந்தது.

கிட்டப் போனபோது கண் திறந்தபடி இருந்தது. நான் அழுதேன். பெருமையும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டும் சேர்ந்து வந்ததால் எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா குந்தியிருந்து மானின் கழுத்தில் கையை வைத்தார். "நல்ல வெடி. நோகேல்லை அதுக்கு" என்றார். வெள்ளைக்காரர் வந்து, பெரிய ஆளுக்குக் கொடுப்பதுபோல எனக்குக் கை கொடுத்தார்.

அவருக்குரிய பங்கை மட்டும் அங்கேயே வெட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கூலர் பெட்டிகளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அம்மா கதவில் மறித்தார். சஷ்டி முடியாமல் இறைச்சி உள்ளே வரக்கூடாது. பல்கனியில் வைக்கலாம், நவம்பர்க் குளிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பல்கனிக்குப் போக ஹோலுக்குள்ளால்தான் போகவேண்டும். கடைசியில் அம்மா ஹோலில் இருந்த சாமித்தட்டின் கதவைச் சாத்தி, அதற்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நாங்கள் இரண்டு பேரும் கள்ளரைப்போலப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடந்து போனோம்.

விரதம் முடியும்வரை மான் பல்கனியில் இருந்தது, அம்மா உள்ளே இருந்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கம் இருந்து ஒருநாள் அவர் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். நான் பயந்து கொண்டிருந்தது வேறு ஒன்றுக்கு. சுட்டவள் நான். பங்கு பிரிக்கவேண்டியவளும் நான். அண்ணாவுக்குப் பங்கு வைத்தால் அப்பாவின் முகத்துக்கு நேரே நீங்கள் நினைப்பது பிழை என்று சொல்வதாகும். வைக்காவிட்டால், ஆறு நாள் பட்டினி கிடந்த தாயிடம் உன் மகன் செத்துவிட்டான் என்று நான் சொல்வதாகும். ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் கத்தியையும் கொடுத்து இதையும் கொடுத்த அந்த வழக்கத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை முடிந்து வந்த சனிக்கிழமை ஹோலில் பழைய தமிழ்ப் பேப்பர்களை விரித்தோம். அம்மா குனிந்து, மரண அறிவித்தல் பக்கங்களைப் பொறுக்கி எடுத்து ஒதுக்கினார். ஆட்களின் முகத்தில் இறைச்சி வைக்கக்கூடாது என்றார். பிறகு சுவரோரம் போய் இருந்தார். அப்பா எனக்கு முன்னால் சப்பாணி கட்டித் தரையில் இருந்தார். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

நான் வெட்டினேன். வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு, கீழ்த்தட்டில் இருந்த கத்தோலிக்கக் குடும்பத்துக்கு, அப்பாவை வேலைக்கு ஏற்றிப்போகும் மனிதருக்கு, மேல்தட்டில் புதிதாக வந்திருந்த அன்ரிக்கு. எவ்வளவு மெதுவாக வெட்டலாமோ அவ்வளவு மெதுவாக வெட்டினேன். அம்மா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது, என்ரை பிள்ளைக்கு எங்கை பங்கு என்று எழும்பிச் சத்தம் போடுவார், நானும் வைத்துவிடுவேன், அத்தோடு முடிந்துவிடும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தொடைப்பக்கத்தில் ஒரு நல்ல துண்டு மிச்சம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுப் பங்கோடு சேர்த்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"முடிஞ்சுது" என்றேன்.

"ஒண்டு குறையுது" என்றார் அப்பா.

பேசக்கூடாது என்ற வழக்கத்தை எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். அவருடைய கை, நான் வீட்டுப் பங்கோடு சேர்த்த அந்தத் துண்டுக்கு மேல் வந்து நின்றது. தேடுவதை நிறுத்திவிட்ட மனிதர் இத்தனை வருடமும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எங்களுக்கு முன்னால் காத்திருக்க அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருந்தும் அது எனக்குத் தெரியவில்லை.

"குறையேல்லை" என்றார் அம்மா, சுவரோரம் இருந்தபடி.

அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சேரும், அவன் எனக்கு வைச்சவனெல்லே."

"நீங்கள் உயிரோடை இருந்தனீங்கள்."

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் குரலில் சொன்னார். பிறகு, "நான் இந்த முறை அவனைக் கொண்டுவா எண்டு கேக்கேல்லையப்பா. கனநேரம் நோகாமல் போயிருக்கவேணும் எண்டுதான் ஆறு நாளும் கேட்டனான்" என்றார்.

அப்பா அந்தத் துண்டின்மேல் இருந்த கையை எடுக்கவில்லை. அப்படியே குனிந்து அழத் தொடங்கினார். அவர் அழுது நான் அதுவரை கண்டதில்லை. சத்தம் வெளியில் கேட்கும் என்று கூட யோசிக்காமல், பேப்பருக்கு மேல், இறைச்சிகளுக்கு நடுவில் இருந்து அழுதார். அம்மா எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துத் தூக்கி, குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தத்தைக் கழுவிவிட்டார். தண்ணீர் கனநேரம் ஓடியது.

நான் பங்குகளைப் பையில் போட்டேன். வீட்டில் நிற்க முடியவில்லை. முதல் மானைச் சுட்ட பிள்ளை பங்குகளைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதும் வழக்கம்தான், ஆகவே யாரும் என்னைத் தடுக்கவில்லை. எலிவேற்றரில் மேலே போய்ப் புதிதாக வந்த அன்ரியின் கதவைத் தட்டினேன். அவர் பையை விரித்துப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தார்.

"ஐயோ பிள்ளை, மானே? இவ்வளவத்தையும் தூக்கித் தாறாய். மிச்சம் உங்களுக்குக் காணுமே? வீட்டிலை எத்தினை பேர்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரே பதில்தான். பள்ளிக்கூடத்திலும், டொக்டரிடத்திலும், கோயிலிலும் நாங்கள் நாலு பேர் என்றுதான் சொல்வோம், ஒருவர் பிறகு வருவார் என்போம். கீழே தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"காணும் அன்ரி" என்றேன். "நாங்கள் மூண்டு பேர்தான்."